ஒன்பதாவது பீப்பாய்

ஒன்பதாவது பீப்பாய் மட்டும் குறையவில்லை.

மரம் உறிஞ்சுவதால் வாரத்துக்கு இரண்டு விரல் அளவு எல்லாப் பீப்பாயிலும் ஒயின் குறையும். குறைந்ததை நிரப்பி அடைப்பதுதான் வழக்கம். வெர்த்தல் மாளிகையின் ஒயின் கிடங்கில் இருபத்தாறு வருடமாகத் தலைமை பார்க்கும் எத்தியேன், குறையாத பீப்பாயைப் பார்த்ததே இல்லை. இது வாய்வரை தளும்பி நின்றது.

"இதுக்குத் தாகமே இல்ல போல" என்றாள் கிடங்கில் அவனுக்குக் கீழே வேலை செய்யும் கொலெத். சிரிக்கவில்லை. அவள் சிரித்து மூன்று மாதம் ஆகிறது.

அக்டோபரில், அதே கிடங்கில் வேலை பார்த்த அவள் புருஷன் பஸ்தியான், திராட்சைச் சக்கையை வாருவதற்காகப் பெரிய தொட்டிக்குள் இறங்கினான். ஏறி வரவில்லை. புளித்த சக்கைமேல் நச்சுக்காற்று தங்கியிருக்கும் என்பதால், எரிகிற மெழுகுவத்தியை முதலில் உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அன்று மழை வந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று தொட்டி பாக்கி. நேற்றே பார்த்தாச்சு, இறங்கு என்று சொன்னது எத்தியேன்தான்.

விசாரணையில் வேறு மாதிரி சொன்னான். மெழுகுவத்தியைக் கொடுத்தேன், மத்தியானம் குடித்த போதையில் இறக்கிப் பார்க்காமலே போய்விட்டான் என்றான். பஸ்தியான் மத்தியானம் குடித்தது முட்டைக்கோஸ் சூப்பில் ஊற்றிய ஒயின் மட்டும்தான்; சூப்பின் கடைசி வாய்க்கு ஒயின் ஊற்றிக் கலக்கிக் குடிப்பது அந்தப் பக்கத்தில் பாதிரியார்கூடச் செய்வதுதான். ஆனாலும் ஊர் நம்பியது. ரொட்டிக்கடையில் கொலெத்தின் காதுபடவே குடிகாரன் பெண்டாட்டி என்றார்கள். எத்தியேனின் வேலை போகவில்லை; கிடங்குச் சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. பஸ்தியான் செத்துக் கிடந்த சக்கையையும் வீணாக்காமல் பிழிந்து, ஒன்பதாவது பீப்பாயில் ஊற்றினார்கள். த்தூ.

இன்று அந்தப் பீப்பாயின் ஒயினை வண்டல் பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். எத்தியேன் கண்ணாடிக் குவளையில் ஒயினைப் பிடிப்பான். அதன் பின்னால் அவள் மெழுகுவத்தியைப் பிடிப்பாள். கலங்கல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். வெளியே நல்ல பகல், உள்ளே எப்போதும்போல இருட்டு, ஆங்காங்கே சின்ன விளக்குகள். ஈரக் கல்லும் கந்தகமும் ஊறிய ஓக் மரமும் கலந்த பழகிய வாடைக்கு அடியிலிருந்து, அந்த இடத்தில் இருக்கவே கூடாத ஒரு வாசனை, ஒயின் ஊற்றிய சூடான முட்டைக்கோஸ் சூப்பின் வாசனை, மெல்ல மேலே வந்தது.

சுடர் பீப்பாயின் வாயை நோக்கிச் சாய்ந்தது. நிமிர்ந்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மறுபடி பீப்பாயை நோக்கி.

காற்றாக இருக்கும் என்றான். கதவு சாத்தியிருக்கிறது என்றாள்.

கொலெத் குனிந்து மரத்தில் காதை வைத்தாள். வெகுநேரம் எழவில்லை.

"பதினோரு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன், எத்தியேன். மூச்சு முடியறப்ப சின்னதா ஒரு விசில் வரும். இது அவர்தான்."

அவனுக்கும் கேட்டது. இழுப்பு. விடுப்பு. விசில்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. மெழுகுவத்திய அவர் கையில குடுத்தீங்களா?"

சொல்லிவிடலாம். இங்கே விசாரணை இல்லை, இவள் மட்டும்தான். வார்த்தை நாக்குவரை வந்தது. இடுப்பில் சாவிக்கொத்து கனத்தது.

"குடுத்தேன். அவன்தான் இறக்கிப் பாக்கல. குடிச்சிருந்தான்."

மூச்சுச் சத்தம் நின்றது.

பீப்பாயில் ஒயின் இறங்கியது. இரண்டு விரல். ஒரு சாண். தரையில் ஒரு சொட்டு இல்லை. கிடங்கின் கோடியில் ஒரு விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவள் கையிலிருந்தது மட்டும் எரிந்தது.

எத்தியேன் மூச்சை இழுத்தான். வரவில்லை. பக்கத்திலேயே நின்ற கொலெத் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். குடுக்கல, நான் குடுக்கவே இல்ல என்று கத்த வாயைத் திறந்தான். கத்தக் காற்று வேண்டும்.

அவள் ஓடவில்லை. தொட்டிக்குள் இறக்குவதுபோல நிதானமாக, மெழுகுவத்தியை அவனுடைய திறந்த வாயருகே கொண்டுவந்தாள்.

அணைந்தது.

தீக்குச்சி கிழித்தாள். அவள் முகத்தருகே நன்றாக எரிந்தது. அவன் வாயருகே அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது.

இருட்டில், அவன் நெஞ்சுக்குள்ளிருந்து, முடிவில் சின்னதாக ஒரு விசிலோடு, யாரோ நிம்மதியாக மூச்சு விட ஆரம்பித்தார்கள்.