பார்க்காத கிளைமாக்ஸ்

போன் அலறியது.

அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரை, மறு கன்னத்தில் பிளேடு.

நாடக விமர்சகர். கலையுலகம் அவருக்கு வைத்த பெயர் 'தேள்'. அவர் எழுத்தில் கொட்டினால் வீக்கம் இறங்க ஒரு வாரம் ஆகும் என்று நடிகர்கள் சொல்வதுண்டு.

"என்னங்க, கத்தரி சார் பேசறார். குரலே சரியில்ல..." மனைவி போனை நீட்டினாள்.

கத்தரி, போட்டிப் பத்திரிகையின் விமர்சகர். பத்திரிகைகள்தான் எதிரெதிர். அரங்கில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"என்னடா காலங்காத்தால?"

"பேப்பர் பார்த்தியா?"

"இன்னும் பிரிக்கல."

"முதல் பக்கத்தைப் பாரு. அப்புறம் உன் விமர்சனத்தைப் பாரு. பார்த்துட்டு... எங்கயாவது ஓடிடு. போலீஸ் உன் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்காம்."

லைன் அறுந்தது.

அவர் பேப்பரைப் பிரித்தார்.

முதல் பக்கம்: 'பிரபல மேடை நடிகர் மர்மச் சாவு! இடைவேளையில் வெந்நீர் குடித்தவர் சுருண்டு விழுந்தார். ஃப்ளாஸ்க்கில் விஷம். நாடகம் பாதியில் ரத்து.'

கலைப் பக்கம், அவர் பெயரோடு: 'கிளைமாக்ஸில் நடிகர் உயிரைக் கொடுத்து நடித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.'

அவர் இரண்டையும் மறுபடி படித்தார்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "இடைவேளையிலேயே செத்துட்டாராமே... அப்ப கிளைமாக்ஸ்ல நடிச்சது யாருங்க?"

"யாரும் நடிக்கல. நானும் பார்க்கல."

"பார்க்காமலா எழுதினீங்க?"

"கலைப் பக்கம் இடைவேளைக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிடும்டி. கொஞ்ச நேரம் பார்ப்பேன். மீதியை நாடகப் பிரதியைப் படிச்சு எழுதி, நாற்காலியில உட்கார்ந்தபடியே போன்ல அனுப்பிடுவேன். இடைவேளை விட்டா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். எத்தனையோ வருஷமா இப்படித்தான்."

"அதானே பார்த்தேன். நாடகம் முடியறதுக்குள்ள சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்திருப்பீங்களே." அவள் முகம் இறுகியது. "சரி, பார்க்காம எழுதினா வேலைதானே போகும்? போலீஸ் எதுக்கு?"

"நேத்து மழை. பின்வாசல்ல காரை நிறுத்தியிருந்தேன். ஒப்பனை அறை வழியா வெளியே போனேன். அந்த ஃப்ளாஸ்க் இருந்த மேஜைப் பக்கம்தான் நின்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்."

"ஐயையோ..."

"போன மாசம் மேடையிலேயே அந்த நடிகர் சொன்னார். 'இந்தத் தேள் என் உயிரை எடுக்காம விடாது'ன்னு."

பயத்தில் அவள் கை தானாக இன்னொரு பேப்பரைப் புரட்டியது. குறுக்கெழுத்துக்காக அவள் வாங்குவது, கத்தரியின் பத்திரிகை.

"கத்தரி சார் புத்திசாலி. இடைவேளை வரைக்கும்தான் எழுதியிருக்கார். தப்பிச்சுட்டார்."

வாசல் மணி அடித்தது.

பின்கதவு அவர் கண்ணில் பட்டது. ஓடிவிடலாமா... ஒரு அடி எடுத்தும் வைத்தார்.

"ஓடினா நீங்கதான் பண்ணினதா ஆயிடும்" என்று மனைவி கையைப் பிடித்தாள்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டருக்கு அரும்பு மீசை, அமைதியான முகம். அந்த அமைதிதான் விமர்சகரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கன்னத்தைத் துடைச்சுக்கங்க சார். ஸ்டேஷன்ல கண்ணாடி கிடையாது."

"சத்தியமா நான் பண்ணல."

"வாட்ச்மேன் உங்களை ஃப்ளாஸ்க் பக்கத்துல பார்த்திருக்கான். நடிகர் அதை இடைவேளையில மட்டும்தான் திறப்பாராம். அந்தப் பழக்கம் தெரிஞ்சவன்தான் கலந்திருக்கணும். சாவை மறைக்க அவர் நல்லா நடிச்சதா வேற எழுதியிருக்கீங்க."

"நான் பார்க்காமயே எழுதினேன் சார். செத்துடுவார்னு தெரிஞ்சிருந்தா, நடிச்சார்னு எழுதுவேனா?"

சொன்ன மறுநொடி அவரே அப்படியே உறைந்தார்.

தெரிந்திருந்தால் எழுதமாட்டேன். அப்படியென்றால்... எழுதாதவன்?

மனைவியின் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினார். கத்தரி எந்த விமர்சனத்தையும் கிளைமாக்ஸில்தான் ஆரம்பிப்பான். அவனும் அவரைப் போலவே பார்க்காமல் எழுதுகிற ஜாதி. இன்று மட்டும் கிளைமாக்ஸ் பற்றி ஒரு சொல் இல்லை!

போன் மறுபடி அலறியது. கத்தரி!

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் இருக்கிறது தெரியக்கூடாது."

"இன்னுமா வீட்ல இருக்கே? ஓடச் சொன்னேனேடா."

விமர்சகர் போனை இறுகப் பிடித்தார். குரலைச் சமாளித்தார். "ஓடத்தான் போறேன். எனக்கு ஒரே சந்தேகம். நீ சாவு விஷயம் தெரிஞ்சப்புறம் விமர்சனத்தை மாத்திக் கொடுத்தியா?"

"நானா? உனக்கு முன்னாடியே அனுப்பிட்டேனே. நீதான் பக்கத்துல இருந்து பார்த்தியே. இடைவேளை மணி அடிக்கறதுக்குள்ள பக்கமே அச்சுக்குப் போயிடுச்சு."

"அப்ப அவர் உயிரோட இருந்தார்."

"ஆமா."

"பின்ன ஏன்டா கிளைமாக்ஸை எழுதல?"

இன்ஸ்பெக்டர் ஒரு அடி நெருங்கி வந்தார்.

"அவர் கிளைமாக்ஸ் வரைக்கும் வரமாட்டார்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

கத்தரியின் குரல் உடைந்து வந்தது.

"ரெண்டு வருஷம்டா... தினமும் அந்த ஒப்பனை அறையில உட்கார்ந்து அவன் சுயசரிதையை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வெளியீடு. அட்டையில என் பேர் இல்ல. உள்ளேயும் இல்ல. டிரைவருக்கு நன்றி சொல்லியிருக்கான், நாய்க்கு நன்றி சொல்லியிருக்கான்... எனக்கு ஒரு வரி இல்ல."

"அதுக்குக் கொலையா? பழியை என் தலையில போட வேற பார்த்தே..."

"நாடகத்துக்கு முன்னாடியே ஃப்ளாஸ்க்குல கலந்துட்டேன். நீ அந்தப் பக்கமா வருவேன்னு நான் நினைக்கல. வந்தே. வசதியாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் போனை வாங்கினார். "அங்கேயே இருங்க சார். ஜீப் அனுப்பறேன். இந்தத் தடவை உங்க பேரை முதல் பக்கத்துலயே போடுவாங்க."

விமர்சகர் நாற்காலியில் சரிந்தார். சட்டை முழுக்க வியர்வை. அழுகையும் வந்தது, வெட்கமில்லாமல் அழுதார். மனைவி முந்தானையால் அவர் கன்னத்து நுரையைத் துடைத்தாள்.

"நான் பார்க்காம எழுதினேன்னு சொன்னதை உடனே நம்பிட்டீங்களே..." என்றார் அவர் விசும்பலுக்கு நடுவே.

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"போலீஸ் ஆண்டு விழா நாடகத்துல நான்தான் சார் ஹீரோ. கிளைமாக்ஸ்ல பின்னிட்டேன்னு எழுதியிருந்தீங்க. வீட்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

"அப்படியா... ரொம்ப சந்தோஷம்."

"அன்னிக்கு மழையில பந்தல் சரிஞ்சு, இடைவேளையோட நாடகத்தையே நிறுத்திட்டோம் சார்."