உஷ்... எம்.டி. தூங்குகிறார்!

செத்துப்போனவரின் போன் அடித்தது.

ஹகாட்டா போகும் புல்லட் ரயில் அப்போதுதான் கியோட்டோவைத் தாண்டியிருந்தது. அடுத்த நிறுத்தம் ஒசாகா. முதல் வகுப்பில், ஜன்னல் சீட்டில் எம்.டி. குராமொச்சி... கண்மூடி, வாய் லேசாகத் திறந்து, உயிரோடு இருந்ததைவிடக் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவருடைய உதவியாளன் மிமுரா. அவர் டீயில் மருந்து கலந்தவனும் அவனேதான்!

கெட்டுப்போன மீனை டப்பாவில் அடைத்து விற்கச் சொன்னது குராமொச்சி. ஊரே வாந்தி எடுத்தது. ஆனால் இன்று ஒசாகாவில் கேமராக்களுக்கு முன்னால், 'எல்லாம் என் தப்பு' என்று ஜப்பான் வழக்கப்படி இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியது மிமுரா! போர்டு மீட்டிங்கில் அப்படித்தான் முடிவு.

குனிய மாட்டேன்... அதற்காகத்தான் இந்தக் கொலை.

ஒசாகாவில் தான் மட்டும் இறங்கிக் கூட்டத்தில் கரைந்துவிடலாம். பிணம் ஹகாட்டா வரை போகும். தூங்குகிற எம்.டி.யை எழுப்பும் தைரியம் இந்த நாட்டில் எவனுக்கு இருக்கிறது?

ஆனால் போன்...!

தலைகள் திரும்பின. இந்தப் பெட்டியில் பிணம் இருக்கலாம். போன் அடிக்கலாமா? இரண்டு பேர் இருமினார்கள். அதைவிடக் கெட்ட வார்த்தை இங்கே கிடையாது.

முன்சீட்டு ஃபிலொமேனா எழுந்தாள். போர்ச்சுகல்காரி. கழுத்தில் ரயில் பாஸ் தொங்க, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள். ஜப்பான்காரர்களையே ஒழுக்கத்தில் மிஞ்சிவிடுவது என்று சபதம். பாடப்புத்தகத்தில் கற்ற ஜப்பானிய மொழி வேறு!

"மன்னித்தருள்க, ஐயா. தொலைபேசியில் உரையாடுவோர் பெட்டிக்கு வெளியே செல்லுதல் முறையாகும்."

"தூங்குறாருங்க."

"ஆயின், எழுப்புவோமாக."

கையை நீட்டினாள். மிமுரா குறுக்கே பாய்ந்தான். பிணத்தின் கோட்டுக்குள் கைவிட்டுப் போனை உருவிக்கொண்டு கதவுக்கு வெளியே ஓடினான்.

ஹெட் ஆபீஸ். சேர்மனின் செக்ரட்டரி ஹனாசோனோ அம்மாள்.

"யாரு, மிமுராவா? எம்.டி. எங்கப்பா?"

"அசந்துட்டாரு மேடம்."

"தூங்கட்டும், பாவம். ராத்திரி பூரா கண்ணே மூடலியாம். உன்கிட்ட சொன்னாரா? இன்னிக்கு அவரே குனியப் போறாரு. 'தப்பு என்னுது, மிமுரா பிள்ளைகுட்டிக்காரன், அவனை விட்ருங்க'ன்னு காலையில சேர்மன்கிட்ட சொல்லிட்டாரு. நீ சும்மா பேச்சுத்துணைக்குத்தான்... ஹலோ? மிமுரா?"

மிமுரா அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. கண்டக்டர்! பின்னாலேயே ஃபிலொமேனா. ஐயாவின் கரம் சில்லிட்டுக் கிடக்கிறது என்று இலக்கண சுத்தமாகப் புகார் கொடுத்திருந்தாள்.

மிமுரா எதையும் மறைக்கவில்லை. மறைத்து யாருக்கு என்ன லாபம்? ஒசாகா வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டி முடித்திருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் போலீஸ் கார். எம்.டி.க்காகக் காத்திருந்த கேமராக்கள் மொத்தமும் மிமுரா பக்கம் திரும்பின.

விலங்கு மாட்டிய கைகளோடு அவன் விறைப்பாக நிமிர்ந்து நின்றான்.

இன்ஸ்பெக்டர் கார் கதவைத் திறந்து, அவன் தோளை மெல்ல அழுத்தினார்.

"நல்லா குனிங்க சார்... தலை இடிச்சிடும்."