இந்த வருடத்துச் சங்குமுனை

1685-ஆம் வருடத்து இலங்கையின் காலித் துறைமுகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விமானங்களை எங்கே இறக்குவது என்பதுதான் அன்று காலை கில்டா மச்சாதுவுக்குத் தலைவலி. டச்சுக்காரர்களின் பதினேழு கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. அவற்றைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. அந்த மாதம் அவை அங்கேதான் நின்றன என்று மீள்வானம் அடித்துச் சொன்னது.

"ஏனுங்க்கா, கோட்டைக்கு மேக்கால எறக்கிக்கலாங்களா?" என்றான் பொன்னுத்துரை, காதுக்குள்ளே. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவன். கூட்டப் பறப்புகளில் கடைசி விமானம் அவனுடையது. வழி தவறியவர்களையும் வேடிக்கை பார்த்துப் பின்தங்கியவர்களையும் ஓட்டிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு.

"மேக்க பூராப் பாறை. பத்துப் பேராவது மோதிட்டு என்னத் திட்டுவாங்க. நாலு நாலு பேரா எறங்கட்டும், மத்தவங்க மேலேயே சுத்தட்டும்" என்றாள் கில்டா. சொன்னது சொன்னதுதான். பதினோரு வருடமாகக் கூட்டப் பறப்புகளுக்கு வழி வகுக்கிறாள். அவள் போட்ட வழியில் போனவர்கள் யாரும் நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்து முழித்ததில்லை.

மீள்வானம் வந்த பிறகு உலகத்தில் பாதிப் பேர் விமானி ஆகிவிட்டார்கள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்வைக்கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும், எந்த வருடத்து வானத்திலும் பறக்கலாம். கடலடிச் சேறு, பழைய கப்பல்களின் நாட்குறிப்பு, வரைபடம், கோயில் கணக்கு, கல்லறைக் கல் எல்லாவற்றையும் தின்று செரித்து, அந்த வருடத்து ஊரை அந்த இயந்திரம் அப்படியே எழுப்பிக் காட்டும். தெருவில் ஆட்கள் நடப்பார்கள், சண்டை போடுவார்கள், மீன் விற்பார்கள். தலைக்கு மேல் விமானம் போவது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நிகழும் வருடத்தில் மட்டும் ஆள் கிடையாது. உயிரோடு இருப்பவர்களைக் காட்டக்கூடாது என்று சட்டம். செத்தவர்களுக்கு அந்தரங்கம் ஏது? எனவே 2094-ஆம் வருடத்து ஊர்கள் மீள்வானத்தில் கட்டடமும் தெருவுமாக, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தன. விமானிகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் கில்டா இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. பத்துக் கரையூர் இருந்தால் ஒன்றுக்குத்தான் கடற்சுவர் கட்டக் கல் இருந்தது. எந்த ஊருக்கு என்று வல்லுநர்கள் இருபது வருடம் அடித்துக்கொண்டு ஓய்ந்த பின், கரைக்காப்பு மன்றம் ஒரு சுலபமான விதியைக் கண்டுபிடித்தது. மக்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்களோ அதையே காப்பது. மீள்வானத்தில் ஒரே வருடத்தில் பதினைந்தாயிரம் பார்வை நிமிடம் பெற்ற ஊருக்குச் சுவர். பெறாத ஊருக்கு அனுதாபக் கடிதம்.

கில்டாவின் ஊரான சங்குமுனை போன வருடம் பெற்றது தொள்ளாயிரம் நிமிடம். அதில் பாதி அவளே சுற்றியது.

அதனால்தான் இந்தப் பயணம். பழந்துறைமுக உலா என்று பெயர் வைத்தாள். காலியில் கிளம்பி, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பழவேற்காடு வழியாக மசூலிப்பட்டினம் வரை. காலிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, பெரிதாக யாரும் கேட்காதபடி, சங்குமுனை. அங்கே இறங்கக்கூட வேண்டியதில்லை. கூட்டப் பறப்பில் ஒரு மரியாதை உண்டு. கடைசி விமானம் வந்து சேரும்வரை முன்னால் போனவர்கள் ஒரு புள்ளிக்கு மேலே வட்டமடித்துக் காத்திருப்பார்கள். கூடுவட்டம் என்பார்கள். அதைச் சங்குமுனைக்கு மேலே போட்டாள். பொன்னுத்துரையைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே ஆடி அசைந்து வரச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் லேட்டாக்கறதுங்க்கா?"

"எல்லாரும் நாப்பது நிமிஷமாச்சும் சுத்தணும். அதுவரைக்கும் உனக்கு எஞ்சின்ல கோளாறு."

"நம்ம எஞ்சின் அப்பிடியெல்லாம் பண்ணாதுங்க்கா" என்று ஒப்புக்குக் கோபித்துக்கொண்டான். பிறகு சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

லூர்து அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவர் ஊர்க் கமிட்டித் தலைவர். ஐஸ் ஆலையில் கில்டா மேற்பார்வை பார்க்கும் இடத்துக்கே வந்து நின்றார். "எம்மா, எல்லாம் சரிதான். 1685 எதுக்கு? இப்ப உள்ள ஊருக்குத்தான சுவரு வேணும்? நாப்பதுல ஒரு பத்து நிமிஷம் இந்த வருஷத்துல சுத்தச் சொன்னா என்ன?"

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன் கேளுங்க. அந்த வருஷத்துல நம்ம ஊருல முத்துச் சந்தை நடக்கு. நூறு தோணி நிக்கு. கோயில் கட்டுதாங்க, சாரத்துல ஆள் ஏறி நிக்காங்க. இந்த வருஷத்துல என்ன இருக்கு? ஆளில்லாத மொட்டைமாடியும் தண்ணித் தொட்டியும். அதக் காட்டுனா அத்தன பேரும் அஞ்சு நிமிஷத்துல கவசத்தக் கழட்டிட்டுச் சாப்பிடப் போயிருவாங்க."

கில்டா சொன்னது உண்மைதான். ஒரே தடவையில் இரண்டு வருடத்தில் பறப்பது என்பது விமானிகளுக்குப் பிடிக்காத காரியமும்கூட. "ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார்.

உலா அன்று எல்லாம் அவள் போட்டபடியே நடந்தது. காலியில் மூன்று பேர் மட்டும் டச்சுக் கப்பலில் மோதினார்கள். சங்குமுனைக்கு மேலே நானூறு விமானங்கள் வட்டமடித்தன. கீழே அலை அடிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கோயில் சாரம். மணலில் முத்துச் சிப்பிக் குவியல். ஈ மொய்க்கிற மாதிரிக் கூட்டம். பிரேசிலிலிருந்து வந்த ஒரு விமானி, இவ்வளவு அழகான ஊரை இதுவரை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று கேட்டாள். கில்டா பெருமையில் இன்னொரு சுற்று சுற்றினாள்.

எஞ்சின் கோளாறு நாற்பத்து மூன்று நிமிடம் நீடித்தது. மொத்தம் பதினேழாயிரத்துச் சொச்சம்.

மூன்றாம் வாரம் மன்றத்திலிருந்து அனுமதி வந்தது. சங்குமுனைக்குச் சுவர்! ஊரே கொண்டாடியது. ஐஸ் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் கில்டாவைத் தூக்காத குறை. அவளும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடியே எல்லாப் பாராட்டையும் வாங்கிக்கொண்டாள். வரைபடம் அடுத்த நாள் வந்தது. லூர்து அண்ணாச்சி அதைக் கமிட்டி மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.

"எம்மா, இது என்ன கோடு? கோயில் வாசல ஒட்டிப் போகுது?"

சுவரின் சிவப்புக் கோடு கோயிலுக்கு முன்னால் வளைந்து, பழைய சந்தைத் திடலை அணைத்துக்கொண்டு, வடக்கே திரும்பியது. கோட்டுக்குக் கிழக்கே புதுத்தெரு, ஐஸ் ஆலை, பள்ளிக்கூடம், மீன் ஏலக்கூடம். நாலாயிரம் பேரில் மூவாயிரம் பேர் கோட்டுக்கு வெளியே. கில்டாவின் வீடும்தான். நானூறு வருடத்தில் கடல் பின்வாங்கி மணல் சேர்ந்து, அந்த மணலில்தான் ஊர் வளர்ந்திருந்தது.

கில்டா மன்றத்தைக் கூப்பிட்டாள். ஓர் அதிகாரி, வெகு பணிவாக, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"சரியா? ஊருக்கு நடுவுல சுவர் போகுது சார்!"

"மேடம், ஜனங்க எந்த ஊரப் பார்த்தாங்களோ அதத்தான் நாங்க காப்பாத்தறோம். அவங்க பார்த்தது 1685. அந்த வருஷத்துக் கரை எதுவோ அதுலதான் சுவர் வரும். நீங்க சொல்ற தெருவ ஒருத்தர்கூட ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலயே." அறுபது நாளைக்குள் நிகழும் வருடத்தில் இன்னொரு பதினைந்தாயிரம் நிமிடம் வந்தால் கோட்டை மாற்ற விதி இருக்கிறது என்றும் சொல்லி வைத்தார்.

கில்டாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அது இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள். மொட்டைமாடியும் தண்ணித் தொட்டியும் என்று சொன்னவளும் அவளே. அண்ணாச்சி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

ஆனால் கில்டா உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. "அறுபது நாள் இருக்குல்லா, பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொன்னுத்துரையைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு உலா போடுதோம். சங்குமுனை மட்டும். ஒரு மணி நேரம்."

"போட்டறலாங்க்கா. எந்த வருசத்துக்குங்க?"

"இந்த வருஷத்துக்கு."

"அங்க ஒண்ணுமே தெரியாதேங்க்கா. என்னன்னு சொல்லிக் கூப்புடறது?"

"நாங்க இருக்கோம்னு சொல்லு."

"இருக்கறீங்க, சரிங்க்கா. தெரியமாட்டீங்களே?"

அவளே அழைப்பை எழுதினாள். எதையும் மறைக்கவில்லை, சுவர் எங்கே வருகிறது, யார் வெளியே நிற்கிறார்கள், எத்தனை நிமிடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லி, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள். நடந்துவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அவள் கூப்பிட்டு இதுவரை வராதவர்கள் உண்டா?

மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். பத்தாவதாக வந்தது அந்தப் பிரேசில் விமானியின் கேள்வி. வருவதற்குத் தயார்தான், ஆனால் நேற்றே ஒருமுறை தனியாகப் பறந்து பார்த்துவிட்டேன், அந்தத் தெருக்களில் ஒரு ஆளைக்கூடக் காணவில்லை, யாருமே இல்லாத இடத்துக்கு எதற்குச் சுவர் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டிருந்தாள்.

கில்டா பதில் எழுத உட்கார்ந்தாள். வாசலுக்கு வெளியே புதுத்தெருவில் ஏலம் முடிந்து வந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ கூவிக் கூப்பிட்டார்கள், ஒரு குழந்தை விடாமல் அழுதது, சுவரைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் வேறு. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்தாள்.