பச்சை விழுந்தபின் கேள்வி இல்லை

வலம்புரிப்பட்டினம் அமர்வு நீதிமன்றத்தில் காலையில் நடக்கும் முதல் வேலை பட்டை துடைப்பது. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் அந்தப் பட்டைக்கு மெய்காணி என்று பெயர். முந்தைய ஆளின் வியர்வை போக டவாலி அதைப் பஞ்சால் துடைத்து நீட்டுவார். கட்டிக்கொண்டு பேசுகிறவர் தாம் நம்புவதைச் சொன்னால் கூண்டுக்கு மேல் பச்சை விளக்கு எரியும். பொய் என்றால் சிவப்பு. அன்றைக்கு வரப்புத் தகராறில் வந்த ஒரு பெரியவர் தன் வயதைச் சொன்னதற்கே சிவப்பு விழுந்து, நீதிமன்றமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வழக்கில் வாதாட வேண்டியவள் நான்.

மெய்காணியைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஒரு காலத்தில் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அது எப்படி வாங்கப்படும் என்பது ஊருக்கே தெரியும். பட்டை வந்தது, அடி நின்றது. பச்சை விழுந்த வாக்குமூலம் எங்கே கொடுத்தாலும் செல்லும், திரும்பப் பெற முடியாது என்று சட்டம் மாறியது. ஒப்புக்கொண்டவரைக் குடைந்து வதைக்கக் கூடாது என்பதற்காக இன்னொரு விதியும் சேர்த்தார்கள். பச்சை விழுந்தபின் அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நானும்தான் கைதட்டினேன். நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டு அது. சாவி செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பூட்டுக்குள் என் கட்சிக்காரன் கில்பர்ட் மாட்டிக்கொண்டான். மீன்பிடிக்கிறவன். அவனும் தம்பி ரெமிஜியூசும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். ஒருநாள் விடியற்காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. தெருவே கேட்டது. தம்பியின் உடல் பிறகு தலையில் காயத்தோடு கரை ஒதுங்கியது. பாறையில் மோதியதா, யாராவது அடித்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. கரையில் கில்பர்ட் மார்பில் அடித்துக்கொண்டு, "நாந்தாம்ல ஒன்னக் கொன்னேன்" என்று கதறினான். யாரோ போய்ச் சொன்னார்கள். ஆய்வாளர் உச்சிமாகாளி பட்டையோடு வந்தார். அதையே திரும்பச் சொல்லச் சொன்னார். பச்சை.

ஆயுள் தண்டனை கிட்டத்தட்ட எழுதியாகிவிட்டது. சிறையில் என்னிடம் அவன் நடந்ததைச் சொன்னான். ஆனால் வழக்கறிஞரிடம் சொன்னது சாட்சியம் ஆகாது. கேள்வி இல்லாமல் கூண்டில் அவனாகக் கதை சொல்லவும் வழியில்லை, ஒரே வரியில் மறுக்க மட்டும்தான் விதி இடம் கொடுத்தது. முதல் நாள் விசாரணையில், "நான் கொலை செய்யவில்லை" என்று பட்டையோடு சொல்லச் சொன்னேன். சொன்னான். சிவப்பு. அரசு வழக்கறிஞர் வேங்கடகிருஷ்ணன் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். அந்த இரக்கத்தை நான் மறக்கத் தயாராக இல்லை.

மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு, அந்த வாக்குமூலத்தை ஏற்கலாமா என்ற விசாரணை. சாட்சி, உச்சிமாகாளி. நேர்மையான மனிதர். பட்டை இல்லாவிட்டாலும் பச்சையாகவே பேசக்கூடியவர். அவர் கூண்டில் ஏறியதும் கில்பர்ட்டை அடித்தாரா, மிரட்டினாரா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இல்லை, இல்லை. பச்சை, பச்சை. அவருடைய அப்பாவின் சாவுக்குப் போயிருந்தபோது அவர் இருந்த இருப்பு என் நினைவில் இருந்தது. அப்புறம் அந்த அப்பா எப்போது தவறினார் என்று கேட்டேன்.

வேங்கடகிருஷ்ணன் ஆட்சேபித்தார். வழக்குக்குச் சம்பந்தம் உண்டு, பொறுத்துப் பாருங்கள் என்றேன். நீதிபதி தாட்சாயணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அனுமதித்தார்.

"போன மாசியில தவறிட்டாவ," என்றார் ஆய்வாளர்.

அந்தச் சாவுக்கு யார் காரணம் என்று அவர் மனசில் நினைக்கிறார் என்று கேட்டேன். கொடுமையான கேள்விதான். கேட்கும்போதே எனக்கு வலித்தது. ஆனால் கூண்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் வாழ்நாள் முழுக்க உள்ளே போகக் காத்திருந்தான்.

உச்சிமாகாளி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாந்தாம்மா. எங்கப்பாவ நாந்தான் கொன்னுட்டேன்."

பச்சை.

வேங்கடகிருஷ்ணன் எழுந்து, என்ன பொருளில் சொன்னார் என்று ஆய்வாளரிடம் கேட்க வாயெடுத்தார். நான் குறுக்கே புகுந்தேன். பச்சை விழுந்துவிட்டது, இனிக் கேள்வி கூடாது, சட்டப்படி ஆய்வாளரை இப்போதே கைது செய்ய வேண்டும் என்றேன். அவர் எடுத்த வாயை மூடாமலே உட்கார்ந்தார். அடுத்து நீதிபதியிடம் திரும்பினேன்.

"அம்மா, இவரக் கைது பண்ணுங்க. இல்லன்னா ஒரே ஒரு கேள்வி கேக்க விடுங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சாகணும்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். அந்த விதி வந்ததிலிருந்து எந்த நீதிபதியும் கேட்காததை அவரே கேட்டார். "எப்படிக் கொன்னீங்க?"

"திருவிழா பந்தோபஸ்துல நின்னேன். வீட்ல இருந்து போன் வந்துச்சு. அப்புறம் பேசுதேன்னு வச்சிட்டேன். நெஞ்சுவலின்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்காவ." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

பட்டை கைமாறியது. துடைக்கக்கூட டவாலிக்குத் தோன்றவில்லை. கில்பர்ட்டிடமும் நீதிபதி அதையே கேட்டார்.

"கடலுக்குப் போறவன்ட்ட போயிட்டு வான்னுதான சொல்லணும்," என்றான் அவன். "சண்ட போட்ட கோவத்துல, நீ தனியாவே போன்னு சொல்லிட்டேன். வெறும் போ. வான்னு சொல்லல. அவனும் போயிட்டான்."

பச்சை. அவன் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை, படகில் ஏறவில்லை, தம்பியைத் தொடவில்லை. நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் பச்சை.

தீர்ப்பை அவர் எழுதி வாசிக்கவில்லை, பேசினார். மெய்காணி மனிதன் நம்புவதைத்தான் காட்டும், நடந்ததைக் காட்டாது. துக்கத்தில் இருக்கிறவன் தன்னைக் கொலைகாரன் என்று முழு மனசோடு நம்புவான். எப்படி என்று கேட்காமல் வாங்கிய வாக்குமூலம் இனி இந்த நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதல்ல. அது போனால் இந்த வழக்கில் வேறொன்றும் இல்லை, ஆகவே விடுதலை. நான் மேசையைத் தட்டினேன் என்று பின்னால் சொன்னார்கள். தட்டியிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் இந்தக் கறுப்பு அங்கிக்குள் எனக்கு வந்ததே கிடையாது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபின், எப்படி என்று கேட்கப்படாமலே உள்ளே போனவர்களின் குடும்பங்கள் என் அலுவலக வாசலில் நின்றன.

தீர்ப்பன்று சாயங்காலம் கில்பர்ட்டை வீட்டில் விட நானே போனேன். ரெமியின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி அம்மா சவேரம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டம் வந்தபிறகு எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் சத்தம் கிடையாது. என்ன வார்த்தை வந்து விழுமோ, யார் போய்ச் சொல்வார்களோ என்று எல்லாரும் வாயில் துணியை வைத்து அழப் பழகியிருந்தோம்.

"இனிம பயமில்ல, அம்மா. சத்தமா அழுங்க," என்றேன்.

அவர் மகன் படத்தைப் பார்த்தார். "ஏ ரெமி, அந்தச் சண்டைய வெலக்காம படுத்துக் கெடந்தேனே! ஒன்ன நானே கொன்னுட்டேனே!"

தெருவில் கதவுகள் திறந்தன. பெண்கள் வந்து அவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி புருஷனைக் கொன்றிருந்தாள், ஒருத்தி மாமியாரை, ஒருத்தி காய்ச்சலில் போன மகளை. இத்தனை வருஷமாக விழுங்கி வைத்ததை எல்லாம் கொட்டினார்கள். கில்பர்ட் அம்மாவின் மடியில் தலையைப் போட்டு வாய்விட்டு அழுதான்.

அந்தத் தெரு முழுக்கக் கொலைகாரர்கள். பிடிக்க ஒருவரும் வரவில்லை.