ஒரு கை அதிகம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குப் புது பல்பு போட்டால்கூட ரிப்பன் வெட்டுவார்கள். வெட்டுபவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கைதட்டுபவர்கள், அந்த நேரம் பார்த்து லிஃப்டுக்காக நின்று மாட்டிக்கொண்டவர்கள்.

வாசலோரம் ஒரு மண்பாத்தி சும்மா கிடந்தது. அது ஒருநாள் செயலாளர் கண்ணில் பட்டுவிட்டது. அங்கே மல்லிகை வளர்த்தால் கட்டடமே மணக்கும் என்று படிக்கட்டில் நின்று நெடுநேரம் பேசினார். செடிகொடிகளில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றும் நடுவில் சொல்லிக்கொண்டார். பிறகு தாமே கடைக்குப் போய், “நல்ல மல்லி விதையாப் பார்த்துக் குடுங்க” என்று வாங்கிவந்து தூவினார்.

விதை முளைக்கும் முன்பே பலகை முளைத்துவிட்டது. வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்துகள்: ‘மல்லிகைச் சோலை’.

தண்ணீர் ஊற்றும் வேலை, முதல் மாடித் தையல்காரம்மாவின் மகள் மிளகுக்கு. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால் அந்தப் பெயர். செயலாளர் அவளைத் ‘தண்ணீர்த் துறைத் துணைச் செயலாளர்’ என்று அறிவித்தார். மிளகுக்குப் பதவியைவிடப் பூவாளிதான் பிடித்திருந்தது.

பள்ளிவிட்டு வந்ததும் அவள் பாத்தியருகே குப்புறப் படுத்துக்கொள்வாள். மண்ணைத் தள்ளிக்கொண்டு முளைகள் எட்டிப் பார்த்தன. முதலில் நீள இலைகள். அப்புறம், யாரோ பொறுமையாகக் கத்தரித்ததுபோல் விளிம்பு சுருண்ட இலைகள். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் அது பெரிய காடு. வெயில் பச்சையாக வடிந்து இறங்கும். ஓர் எறும்பு அந்தக் காட்டுப் பாதையில் அவசரமே இல்லாமல் போகும். மிளகும் அதன் பின்னாலேயே போவாள், படுத்த இடத்தை விட்டு நகராமல்.

அப்படி ஒருநாள் காட்டுக்குள் இருந்தபோது, விரலில் ஓர் இலை கசங்கியது. மோந்து பார்த்தாள். பூவின் மணம் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பின் மணம்.

இலையோடு மாடிக்கு ஓடினாள். அம்மாவின் உதட்டில் வரிசையாகக் குண்டூசிகள். அம்மாவால் சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான், “கொத்தமல்லிடி இது” என்றாள்.

விடிந்தால் சோலைக்குத் திறப்பு விழா. செயலாளர் தம் வீட்டில் கண்ணாடி முன் நின்று உரையைப் பழகிக்கொண்டிருந்தார். மிளகு கதவைச் சாத்திவிட்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. இலையை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். காது இரண்டும் சிவந்துபோயின.

விடுவிடுவென்று கீழே இறங்கி, பாத்தியருகே உட்கார்ந்து, ஒரு கொத்தைப் பிடித்தார்.

“எல்லாத்தையும் இப்பவே பிடுங்கிடறேன். ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“இங்க ஆடே இல்லையே மாமா.”

“வந்துட்டுப் போயிடுச்சுன்னு சொல்லலாம்.”

அவர் பிடியில் அந்தக் குட்டிக் காடு நடுங்கியது. மிளகு தண்ணீர் ஊற்றி வளர்த்த காடு அது. அவமானத்தில் வியர்த்துக்கொட்டும் செயலாளரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தவள், பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“மாமா, செடி சரியாத்தான் இருக்கு. ஒரு கைதான் அதிகம். கையை எடுத்துட்டாப் போதும்.”

செயலாளர் சட்டென்று செடியிலிருந்து கையை எடுத்தார். “எடுத்துட்டேன்.”

“உங்க கை இல்ல மாமா. பலகையில இருக்கிற ‘கை’.”

அவர் பலகையைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. மல்லி… கை… அப்புறம் மூச்சுவிட்டார்.

தூரிகையும் வெள்ளைப் பெயின்டும் வந்தன. ‘கை’ மறைந்தது. நடுவில் விழுந்த வெற்றிடம் பல் விழுந்த வாய்போல இருந்ததால், மிளகு அங்கே ஓர் இலை வரைந்தாள்.

மறுநாள் ரிப்பன் வெட்டிவிட்டு, பூ மணந்தால் மூக்குக்கு மட்டும்தான் லாபம், வயிற்றையும் யோசித்தே தான் மல்லியைத் தேர்ந்தெடுத்ததாகச் செயலாளர் பேசினார். தையல்காரம்மா மகளைப் பார்த்தாள். மிளகு வானத்தைப் பார்த்தாள். வீட்டுக்கொரு கொத்து கிடைத்ததால் இந்தத் தடவை கைதட்டல் உண்மையாகவே பலமாக இருந்தது.

எல்லோரும் போனபின் மிளகு மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். செயலாளர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“இதெல்லாம் பூக்குமா, மிளகு?”

“பூக்குமாம், அம்மா சொன்னாங்க. பொடிப்பொடியா, வெள்ளையா. ஆனா பறிக்காம விடணும்.”

“அப்ப விட்டுடுவோம்,” என்றார்.

மாடிச் சமையலறை ஜன்னல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் மல்லி வாசனை கீழே இறங்கி வந்தது. இலைகள் அசைந்தன. செயலாளர் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார், வெகுநேரம். அவர் பேசாமல் நின்றதை அந்தக் கட்டடம் பார்த்தது அதுதான் முதல் தடவை.