சுவரில் தட்டாத நாள்

வீட்டுக் கதவு முழுக்கத் திறக்கவில்லை. பாதி திறந்ததும் மெத்தென்று எதன்மேலோ இடித்து நின்றது. டோனா தோளைக் கொடுத்துத் தள்ளியபோது, உள்ளே இருந்தது மனமில்லாமல் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டது. ஒருக்களித்து நுழைந்து கதவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். வெறும் தரைதான் இருந்தது.

மணி நாலு. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் நவம்பர் மாதம் அந்த நேரத்துக்கே இருட்டு கப்பிவிடும். கீழ்மாடியில் யாரோ சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய் வாடை லிஃப்ட் குழி வழியாக ஏறி வந்து நடைவழி முழுக்கப் படிந்திருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. மெந்தால் மிட்டாய். பக்கத்து வீட்டுப் பாலின் நாள் முழுக்க வாயில் ஒதுக்கிக்கொள்ளும் மிட்டாய். பாலின் செத்து, உடலை எரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எல்லாம் வேய்னால் வந்தது. எல்லாம் வேய்னால் என்று டோனா தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டால் உண்மையாகிவிடும் என்பதுபோல. வங்கிக்காரன் வாசலில் கூட நிற்கவிடாத ஆட்களுக்கு வேய்ன் வீடு தேடி வந்து கடன் கொடுப்பான். வாஷிங் மெஷின் பழுதா, பிள்ளைக்குக் குளிர் கோட்டு இல்லையா, இந்தா பிடி. பேப்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது, கன்னத்தில் ஒரு முத்தம் மட்டும் உண்டு. வட்டி குட்டி போட்ட பிறகுதான் அவன் யாரென்று தெரியும்.

அவன் வந்தால் ஒளிந்துகொள்ள அந்த மாடிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். விளக்கையும் டிவியையும் அணைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவது. கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி அவன் எட்டிப் பார்த்தால் சமையலறை வரைக்கும் தெரியும். துவாரத்துக்கு நேர் கீழே இருப்பவள் தெரியமாட்டாள். பாலினுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் டோனாதான். வேய்ன் கார் ஏறிப் போவது டோனாவின் ஜன்னலில் தெரியும். போனதும் அவள் பொதுச்சுவரில் தட்டுவாள். அந்தத் தட்டல் கேட்கும் வரைக்கும் பாலின் அசையமாட்டாள். டோனாவை அப்படி நம்பினாள்.

போன மாதம் வேய்ன் டோனாவைப் படிக்கட்டில் மடக்கினான்.

"உன் கடன் கணக்க முடிச்சுடறேன், நீ ஒண்ணும் தர வேணாம். பக்கத்து வீட்டுக்காரி எங்க ஒளியறா, அத மட்டும் சொல்லு."

சொன்னாள். அவ்வளவுதான், வாய் திறந்தது, சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் வேய்ன் துவாரத்துக்குள் கைபேசியை நீட்டிக் கீழ்நோக்கிப் படம் எடுத்தான். "அந்த பிங்க் கவுன் உனக்கு நல்லாருக்கு பாலின்," என்று சிரித்தது சுவர் வழியாகவே கேட்டது. அப்புறம் வெகுநேரம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கார் கிளம்பியது.

டோனா சுவருக்குக் கையை ஓங்கினாள். தட்டினால் பாலின் அடுத்த நிமிடமே ஓடி வருவாள். 'அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்பாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? கையை இறக்கினாள். டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

பாலினின் ஆஸ்துமா பம்ப் சமையலறை மேசைமேல் இருந்தது. அவன் இன்னும் வெளியே நிற்கிறான் என்று நினைத்து, மூச்சு முட்டியும் அவள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் தீயணைப்புக்காரர்களால் கதவைத் திறக்க முடியவில்லை. அவள் அதில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

இதை ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிட வேண்டும். டோனாவுக்கு இப்போது வேறு ஆசையே இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"ஏ டோனா! நான்தான். பாலின் கடன் இனி உன் தலைமேலதான். பின்ன, செத்தவகிட்டயா போய்க் கேப்பேன்?"

விளக்கை அணைத்தாள். சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தலைக்குமேல் மூடி கிரீச்சென்றது. தோல் ஜாக்கெட் உரசும் சத்தம். சிகரெட் வாடை.

"உன் ஒளியற எடம் எனக்குத் தெரியாதா? நீதானம்மா எனக்கு வாத்தியார்."

கைபேசி உள்ளே நுழைந்தது. வெளிச்சம் ஒன்று பளிச்சென்று அடித்து அணைந்தது. டோனா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

வெளியே சிரிப்பு நின்றது.

"யாருடி அது?" குரல் அவனுடையதாகவே இல்லை. "உன் பக்கத்துல... யாருடி?"

மூடி டமாலென்று விழுந்தது. லிஃப்டுக்குக் கூட நிற்காமல் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினான். கீழே கார் சீறியது. போய்விட்டது.

அமைதி.

இல்லை. மூச்சு. இழுத்து, விசிலடித்து, பாதியில் சிக்கும் மூச்சு.

இடது முழங்கையில் ஈரத் துணி. மொசுமொசுவென்று. கவுன்.

மெந்தால்.

"போயிட்டானா, கண்ணு?"

டோனா உடைந்து அழுதாள். "போயிட்டான் பாலின். அன்னைக்கே போயிட்டான். நான்தான் தட்டல. நீ எங்க ஒளியறன்னு சொன்னதும் நான்தான். என்ன மன்னிச்சுடு."

சில்லென்ற உள்ளங்கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது. கோபமாக அல்ல. பயந்த பிள்ளையை அடக்குவதுபோல, மிக மெதுவாக.

"உஷ்... சத்தம் போடாத. அவன் கேட்டுடுவான். டோனா இன்னும் சுவத்துல தட்டலியே."

சுவர் ஒரு கை நீட்டினால் எட்டும் தூரம். டோனா கையை நீட்டப் பார்த்தாள். முடியவில்லை. விரல்களுக்குள் விரல்கள் கோத்துப் பிடித்திருந்தன.

விடிந்தது. நடைவழியில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். தபால்காரர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்து மூடியைத் தூக்கினார். ஒரு கடிதம் டோனாவின் மடியில் விழுந்தது.

இன்னொன்று அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அது தரையைத் தொடவில்லை. வெறும் தரைக்குமேல், அவள் மடியின் உயரத்திலேயே நின்று, இழுக்கும் மூச்சுக்கு ஏற்ப லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.