காயாத நீலம்

நேற்று மதியம் இறக்கையில் பூசிய நீலச்சாம்பல் வண்ணம் இன்னும் காயவில்லை. டார்லீன் சுண்டுவிரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வண்ணம் ஒட்டவில்லை. ஈரம்தான் ஒட்டியது. நிறமில்லாத, பனிக்கட்டிபோல் குளிர்ந்த வெறும் தண்ணீர். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு விளக்கை அருகில் இழுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இறக்கையும் உடலும் சேரும் மெல்லிய கோட்டில் நீர் மறுபடி அரும்பியது, காய்ச்சல் விடும் பிள்ளையின் நெற்றியில் வியர்வை அரும்புவதுபோல.

அது அவள் மகன் கர்ட் பாதியில் விட்டுப்போன மாதிரி விமானம். ஒரு சாண் அகலம். பருத்த வயிறும் கட்டை மூக்குமான பழைய போர் விமானம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கப்பல்மேல் விமானம் இறக்கப் பழகிய பையன்கள் அந்த ரக விமானங்களோடு மிச்சிகன் ஏரியில் விழுந்தார்கள். பலர் நீந்தி வந்தார்கள், சிலர் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே கர்ட்டுக்கு அந்தக் கதைகளில் ஒரு பித்து. அப்படி விழுந்த ஒன்றைத்தான் செய்யத் தொடங்கியிருந்தான். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இருக்கையில் விரற்கடை உயர விமானியை உட்காரவைத்து, முகத்துக்கும் கையுறைக்கும் வண்ணம் தீட்டி முடித்திருந்தான். நவம்பரில், வாடகை மீன்பிடிப் படகு ஒன்றைக் குளிர்காலக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் வேலைக்குப் போனான். ஏரி அலையில் படகு கவிழ்ந்தது. மற்ற இருவரைக் கரைக்காவல் படையினர் மீட்டுவிட்டார்கள். கர்ட் கிடைக்கவில்லை. கிடைக்கமாட்டான் என்பது அந்த ஏரிக்கரை ஊரான கெனோஷாவில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் உடலை மேலே விடாது.

சவப்பெட்டியில்லாமல் ஒரு பிரார்த்தனை நடந்தது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உணவெல்லாம் தீர்ந்து, கண்ணாடிப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தும் ஆயிற்று. ஒருநாள் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கிய டார்லீன் மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்து, அவன் விட்ட இடத்திலிருந்து விமானத்தைச் செய்தாள்.

"அவன் வெச்சது வெச்சபடி கெடக்கட்டும்னு சொன்னேன்ல?" என்றான் அவள் கணவன் நார்ம், கீழ்த்தளப் படியின் உச்சியிலிருந்தே. நவம்பருக்குப் பிறகு அவன் கீழே இறங்கியதே இல்லை.

"பாதியில கெடந்தா எனக்குத் தூக்கம் வரல நார்ம்."

"முடிச்சிட்டா மட்டும் வந்துருமாக்கும்."

வண்ணம் தெளிக்கும் கருவியைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் கர்ட்டின் கூட்டாளி எல்டன். மாதிரி செய்பவர்களின் கழகத்தில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். தடித்த உடம்பு, ஓயாத வாய். அவன் வந்து ஈரத்தைப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். பாசி, டீசல், ஈரக்கல் எல்லாம் கலந்த ஒரு வாடை.

"மிஸஸ் வோய்டா, ஊர்ல எல்லாரும் ஏரிக்கரையில வீடு கட்டுவாங்க. நீங்க வீட்டுக்குள்ளயே ஏரியக் கட்டிட்டீங்க போல" என்று சிரித்தான். "எங்க வீட்டுல ஒருநாள் இருக்கட்டும். அடுப்புப் பக்கத்துல வெச்சா அப்பளமாட்டம் காஞ்சிரும்."

காய்ந்தது. மறுநாள் திரும்பக் கொண்டுவந்தபோது வண்ணம் மெருகாக, வழவழப்பாக இருந்தது. ஆனால் எல்டன் சிரிக்கவில்லை. விமானத்தை மேசையில் வைத்தவன் கோட்டைக் கழற்றாமலே நின்றான்.

"பைலட்ட நீங்க மாத்துனீங்களா?"

"நானா? நான் அதத் தொட்டதே இல்லையேப்பா."

"கர்ட் ஒட்டும்போது நான் பக்கத்துல இருந்தேன். நேராப் பாக்குற மாதிரிதான் ஒட்டினான். ரெண்டு கையும் கீழ இருந்துச்சு."

டார்லீன் குனிந்து பார்த்தாள். விமானி தலையை அண்ணாந்திருந்தான். ஒரு கை தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. கர்ட் தீட்டிய இளஞ்சிவப்பு முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

அவள் எடுத்துவைத்த கிரிங்கிள் இனிப்பு ரொட்டியை எல்டன் தொடவில்லை. வாசலில் மட்டும் திரும்பினான். "பைலட் தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடிய ஒட்டிருங்க. ஒட்டிட்டா வேலை முடிஞ்சிது. அப்புறம் எங்கயாச்சும் உயரத்துல வெச்சிருங்க."

ஞாயிறு மதியம் அவள் மூடியை ஒட்டினாள். மேலே நார்ம் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையாளர் கூச்சல் தரைப்பலகை வழியாக மங்கலாக இறங்கி வந்தது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் உறுமிவிட்டு அடங்கியது. கூரையோரச் சன்னலைப் பனி பாதி மூடியிருக்க, மிச்சப் பாதி வழியே பால்போன்ற வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில், பசை வைத்து மூடிய நகமளவு கண்ணாடிக்குள் மெல்ல மூடுபனி படர்வதை அவள் பார்த்தாள்.

வெளிப்புறம் துடைத்தாள். போகவில்லை.

பனி உள்ளே இருந்தது. படர்ந்து, குறுகி, மறுபடி படர்ந்தது. ஒரு சீராக. மூச்சு விடுவதுபோல.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. மூன்று மாதமாக நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கன்னத்தை மேசையோடு ஒட்டிவைத்து, பிள்ளையின் தொட்டில் பக்கம் குனிவதுபோலக் குனிந்தாள்.

"கர்ட்? அம்மாடா."

மூச்சு நின்றது. பனியின் நடுவே ஒரு புள்ளி தெளிந்தது. உள்ளிருந்து யாரோ துடைத்த புள்ளி.

டிக். டிக். டிக்.

கண்ணாடியில் நகம் தட்டும் ஓசை. சின்ன ஓசைதான். ஆனால் மேலே ஆட்டத்தின் கூச்சல் சட்டென்று அணைந்தது.

"யாரு தட்டறது?" நார்ம் குரல்.

அவள் மேசையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். படியில் காலுறைப் பாதங்கள் இறங்கின. பாதிப் படியில் நின்றன.

"டார்லி. அந்தக் கத்தியக் கீழ வை."

"மூச்சு முட்டுது நார்ம் அவனுக்கு."

"தெறக்காத."

"அவனா இருந்தா?"

நார்ம் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சொன்னான். "அவனா இருந்தாலும்."

டிக் டிக் டிக் டிக். இப்போது வேகமாக. கெஞ்சலாக.

கத்தி முனையை விளிம்பில் நுழைத்தாள். பசை இன்னும் இறுகவில்லை. மூடி தெறித்து உருண்டது.

தண்ணீர் வந்தது.

ஒரு துளி. ஓர் இழை. பிறகு குழாய் உடைந்ததுபோல. மேசையில் ஓடி, அவள் மடியில் கொட்டி, தரையில் பரவியது. எலும்பைக் கடிக்கும் குளிர். பாசி வாடை. நிற்கவே இல்லை. அந்தச் சின்ன இருக்கையில் விமானி இல்லை. இருக்கையும் இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது. வெகு ஆழத்துக்கு.

அந்தக் கறுப்பிலிருந்து ஒரு விரல் வந்தது.

பொம்மை விரலல்ல. ஆளின் விரல். முழு அளவு. வெளுத்து, ஊறிச் சுருங்கிய விரல், கட்டைவிரல் நுழையாத துளையை நெகிழ்த்திக்கொண்டு வெளியே வந்து, காற்றைத் துழாவியது.

"வந்துட்டியாடா!" இரண்டு கையாலும் பற்றினாள். விரல் மடங்கி அவளை இறுகப் பற்றியது. அழுதாள். சிரித்தாள். "விடமாட்டேன். அம்மா விடவே மாட்டேன்."

அவள் பெருவிரல் அதன் நுனியைத் தடவியது.

நகம். நீண்ட, வளைந்த நகம்.

கர்ட் நகம் கடிப்பவன். பாலர் பள்ளி நாளிலிருந்தே. சதைவரை. எத்தனை திட்டியும் விடவில்லை. தட்ட அவனுக்கு நகமே இருந்ததில்லை.

கையை இழுத்தாள். வரவில்லை.

பக்கத்தில் இன்னொரு விரல் வந்தது. தையல் இற்றுப்போன தோல் கையுறைக்குள். இன்னொன்று, மோதிரத்தோடு. இன்னொன்று, மீசை முளைக்காத பையனுடையதுபோல மெலிந்தது. ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தன. கொடுமையாகப் பிடிக்கவில்லை. மூழ்குகிறவர்கள் பிடிப்பதுபோலப் பிடித்தன. மணிக்கட்டை. சட்டைக் கையை. முழங்கையை.

நார்ம் அலறிக்கொண்டு ஓடி வந்தான். அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

அவள் அசையவில்லை. பிடிபடாத ஒரு கையால் விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். நுனியைத் தேடி. நகம். நகம். நகம்.

"நீ இல்ல," என்றாள் மெதுவாக. "நீயும் இல்ல. கொஞ்சம் வழி விடுங்கப்பா. எம் பையன் பின்னால நிக்கிறான்."

விரல்கள் வந்துகொண்டே இருந்தன.